மன்னவனூர் புல்வெளியும் முயலின் பல்லும்

கொடைக்கானல் என்றால் ஏரியும் படகும்தான் பலருக்கும் நினைவுக்கு வரும். விவசாயிக்கு அந்த மலை, ஏரியைத் தாண்டி மேற்கே போகும் சாலையில்தான் ஆரம்பிக்கிறது. நகரத்திலிருந்து 18 கிலோமீட்டர் போனால் பூம்பாறை. ஏறக்குறைய அதே தூரம் மேலும் போனால் மன்னவனூர். அதற்கு அப்பால் கவுஞ்சி, பூண்டி, கிளாவரை என்று சாலை நீண்டுகொண்டே போகும்.

தை மாதத்தில் ஒருநாள், எங்கள் வட்டாரத்து விவசாயிகள் இருபது பேரை அழைத்துக்கொண்டு இந்தப் பாதையில் கண்டுணர்வு சுற்றுலா போனோம். வத்தலக்குண்டைத் தாண்டி மலையேறும்போது இருட்டு விலகவில்லை. கொடைக்கானலில் வண்டியை நிறுத்தியபோது புல் நுனியெல்லாம் வெள்ளையாக உறைபனி. கீழே வெயிலில் மல்லிகையும் மக்காச்சோளமும் பார்ப்பவர்களுக்கு அதுவே பெரிய வேடிக்கையாக இருந்தது.

போன நோக்கம் முயல். மன்னவனூரில் மத்திய செம்மறியாடு மற்றும் உரோம ஆராய்ச்சி நிலையத்தின் தெற்கு மண்டல மையம் இருக்கிறது. தலைமை நிலையம் ராஜஸ்தான் மாநிலம் அவிகாநகரில். மன்னவனூர் மையம் 1965-ல் தொடங்கப்பட்டது. பாரத் மெரினோ செம்மறியாடுகளோடு, ஒயிட் ஜெயன்ட், சோவியத் சின்சில்லா என்ற இறைச்சி முயல் இனங்களையும் அங்கே வளர்க்கிறார்கள். தமிழ்நாட்டில் முயல் வளர்க்க நினைப்பவர்கள் பயிற்சிக்கும் இனவிருத்தி முயலுக்கும் தேடிப் போகும் இடங்களில் அது முக்கியமானது.

போனது பண்ணை பார்க்க. ஆனால் அன்று முழுவதும் எங்கள் வண்டியில் பேச்சாக இருந்தது முயலின் பல். வாசகர்களிடமிருந்து இதைப் பற்றிய கேள்விகளும் அடிக்கடி வருவதால், அன்று பார்த்ததையும் பேசியதையும் இங்கே எழுதுகிறேன்.

பூம்பாறையில் வாங்கிய கேரட்

பூம்பாறை ஊருக்குள் இறங்கும் முன் சாலை வளைவில் நின்று பார்த்தால், படிப்படியாக வெட்டிய வயல்களும் நடுவில் நெருக்கமான வீடுகளும் ஒரே பார்வையில் தெரியும். பூண்டும் கேரட்டும் உருளைக்கிழங்கும் அடுக்கடுக்காக நிற்கும். 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற கொடைக்கானல் மலைப்பூண்டு விளைகிற மண் இது. குழந்தை வேலப்பர் கோயிலுக்குப் போகிறவர்கள் கோயிலுக்குப் போனார்கள். மற்றவர்கள் பூண்டு விலை விசாரித்தார்கள்.

எங்களோடு வந்த பெண் விவசாயி ஒருவர் தழையோடு இரண்டு கட்டு கேரட் வாங்கி வந்தார். வீட்டுக்கா என்று கேட்டேன்.

"முயலுக்கு சார். எம் மக வளக்குறது. நேத்து மத்தியானத்துலருந்து வாயில ஒண்ணும் வைக்கல. புதுக் கேரட்டப் பாத்தாவது திங்குமான்னு வாங்கினேன்."

"வாயில எச்சில் வடியுதாம்மா?"

"தாடைக்குக் கீழ நனஞ்சே கெடக்கு சார். ஒரு பத்து நாளாவே பிஸ்கட்டு மட்டும் திங்கும், கீரைத்தண்டு குடுத்தா வாயில எடுத்துட்டுக் கீழ போட்டுரும்."

செல்பேசியில் எடுத்திருந்த படத்தைக் காட்டினார். மூன்றரை வயது வெள்ளை முயல். தாடையும் முன்னங்கால்களின் உள்பக்கமும் ஈரத்தில் முடி ஒட்டிப்போய், ஒரு கண்ணில் நீர் வழிந்து காய்ந்திருந்தது. முன்பல் பார்க்க நேராகவே இருந்தது.

நான் பயிர் படித்தவன். கால்நடை மருத்துவம் என் துறை அல்ல. ஆனால் முயல் வளர்ப்போர் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டிய ஒரு விஷயம் உண்டு. ஆடு மாடு ஒருநாள் தீனி எடுக்காவிட்டால் நாளைக்குப் பார்க்கலாம் என்று சிலர் விடுவார்கள். முயலுக்கு அந்த அவகாசம் கிடையாது. அதன் குடல் எப்போதும் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். 12 மணி நேரம் எதுவும் தின்னாமல், புழுக்கையும் போடாமல் இருந்தால் குடல் ஓட்டம் நின்று வாயு கட்டிக்கொள்ளும். முயலால் வாந்தி எடுக்கவும் முடியாது. அந்த நிலையில் காத்திருந்தால் உயிரே போய்விடும்.

கேரட்டைப் பையில் வைக்கச் சொல்லிவிட்டு, அவர் கணவருக்கு அங்கிருந்தே போன் போடச் சொன்னேன். முயலைக் கூடையில் வைத்து உடனே கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும், பல்லைப் பார்க்கச் சொல்ல வேண்டும் என்று சொல்லி முடித்த பிறகே வண்டி கிளம்பியது.

மலைச் சாலையில் ஒரு பல் பாடம்

பூம்பாறையிலிருந்து மன்னவனூர் போகும் வழியில் எல்லோருக்கும் ஒரே சந்தேகம். முன்பல் நன்றாகத்தானே இருக்கிறது, பிறகு பல்லில் என்ன கோளாறு? வண்டியிலேயே பேச ஆரம்பித்தோம்.

முயலுக்கு மொத்தம் 28 பற்கள். வாயைத் திறந்ததும் நமக்குத் தெரிவது மேலே இரண்டு, கீழே இரண்டு வெட்டுப்பற்கள் மட்டுமே. மேல் வெட்டுப்பற்களுக்குப் பின்னால் ஆணி போல இரண்டு சிறு பற்கள் ஒளிந்திருக்கும். எலிக்கு இவை கிடையாது. முயல் எலி வகையைச் சேர்ந்தது அல்ல என்பதற்கு இதுவும் ஓர் அடையாளம். மீதி 22-ம் உள்ளே இருக்கும் கடைவாய்ப்பற்கள். மருத்துவரின் கருவி இல்லாமல் அவற்றை நாம் பார்க்க முடியாது.

இந்த 28 பற்களும் முயல் உயிரோடு இருக்கும்வரை வளர்ந்துகொண்டே இருக்கும். வெட்டுப்பல் வாரத்துக்கு 2 மில்லிமீட்டருக்குக் குறையாமல் வளரும். கடைவாய்ப்பல் கொஞ்சம் மெதுவாக, மாதத்துக்கு 3 மில்லிமீட்டர் அளவில் வளரும். வளர்வதைத் தேய்ப்பதற்கு முயல் மெல்ல வேண்டும். அதுவும் புல்லை மெல்ல வேண்டும். புல்லை மெல்லும்போது கீழ்த்தாடை பக்கவாட்டில் அரைகல் போல நகரும். நிமிடத்துக்கு நூறு தடவைக்கு மேல் அசையும். மேல்பல்லும் கீழ்ப்பல்லும் ஒன்றோடொன்று உரசித் தேயும்.

சோறு, பிஸ்கட், பொரி, தவிடு, குச்சித் தீவனம் எதைக் கொடுத்தாலும் இந்தப் பக்கவாட்டு அரைப்பு நடக்காது. இரண்டு கடி கடித்து நொறுக்கி விழுங்கிவிடும். தேயாத பல் வளர்கிறது. முயலின் மேல்தாடை அகலம், கீழ்த்தாடை குறுகல். அதனால் கீழ்க் கடைவாய்ப்பல்லின் ஓரம் உள்பக்கமாக முள் போல நீண்டு நாக்கைக் கிழிக்கும். மேல்பல்லின் முள் கன்னத்தைக் குத்தும். மேல்நோக்கி வளர இடம் இல்லாதபோது வேர்ப்பக்கமும் அழுத்தும். மேல்பல்லின் வேர் கண்ணீர்க் குழாயை நெருக்கினால் கண்ணில் நீர் வடியும். கீழ்ப்பல்லின் வேர் தாடை எலும்பை அழுத்தினால் அடித்தாடையில் மேடு தட்டும்.

"அப்ப கட்டையக் கடிக்கக் குடுத்தா தேஞ்சிராதா சார்?" என்று கேட்டார் ஒருவர். கட்டையும் குச்சியும் முன்பல்லுக்கு வேலை கொடுக்கும், முயலுக்குப் பொழுதும் போகும். கடைவாய்ப்பல் வரை அது போய்ச் சேராது. அந்த வேலையைச் செய்வது நார் உள்ள புல் மட்டுமே. கேரட் கிழங்கும் அப்படித்தான். கடினமாகத் தெரிந்தாலும் பல்லைத் தேய்க்காது, இனிப்புதான் அதிகம். அந்தக் கட்டில் முயலுக்கு உகந்தது கிழங்கைவிடத் தழைதான். ஆனால் மலைக் காய்கறி வயல்களில் மருந்து தெளிப்பார்கள். எப்போது தெளித்தார்கள் என்று தெரியாத தழையை முயலுக்குப் போடக் கூடாது.

புல்வெளியில்

மன்னவனூர் சுமார் 2,000 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. வண்டியை விட்டு இறங்கியதும் கண்ணுக்கு எட்டியவரை உருண்டையான புல்மேடுகள். கீழே ஏரி. சரிவில் செம்மறியாடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. காற்றில் புல் வாசம். எங்கள் ஊர்ப் பக்கம் கோடையில் ஒரு கட்டுப் புல்லுக்கு அலைகிறவர்கள் அந்தப் பச்சையைப் பார்த்துப் பேசாமல் நின்றார்கள்.

முயல் கொட்டகைக்குள் போகும் யாரும் நோயை எடுத்துப் போய்விடக் கூடாது என்பது எந்தப் பண்ணைக்கும் பொதுவான விதி. வீட்டில் நோயுற்ற முயலைத் தொட்டுவிட்டு வந்த அந்த அம்மா, தானாகவே வெளியில் நின்றுகொண்டார். மற்றவர்கள் போய்ப் பார்த்தோம். முயல்கள் ஓயாமல் வாயை அசைத்துக்கொண்டிருந்தன. வண்டியில் பேசிய பக்கவாட்டு அரைப்பை அங்கே கண்ணால் பார்க்க முடிந்தது.

அங்கே நின்றபோது ஒரு கணக்கு எல்லோருக்கும் விளங்கியது. இறைச்சிக்கு வளர்க்கும் முயல் 12 வாரத்தில் ஏறக்குறைய 2 கிலோ எடைக்கு வந்து விற்பனைக்குப் போய்விடும். அதற்கு அடர்தீவனம் கூடுதலாகக் கொடுப்பது வருமானக் கணக்கு. பல் கெடுவதற்குள் அதன் காலம் முடிந்துவிடும். வீட்டில் பிள்ளைகள் வளர்க்கும் முயல் 8 வருடம், 10 வருடம் இருக்கக் கூடியது. பண்ணைக்காரர் சொன்ன 3 மாதத் தீனியை வாங்கி வந்து 8 வருடத்துக்குப் போட்டால் பல் தாங்காது. வீட்டு முயலின் பல் நோயில் பெரும்பகுதி இங்கேதான் தொடங்குகிறது. இனவிருத்திக்கு வைத்திருக்கும் தாய் முயல்களும் ஆண் முயல்களும் பல வருடம் இருப்பவை. அவற்றுக்கும் புல்லைக் குறைக்கக் கூடாது.

யானைத் தந்தம் போல வளரும் பல்

எங்களோடு வந்த இளைஞர் ஒருவர் எட்டுப் பெட்டை முயல்களும் ஓர் ஆண் முயலும் வைத்திருக்கிறார். அவருடைய பிரச்னை வேறு. ஆண் முயலின் கீழ் வெட்டுப்பல் முன்னால் நீட்டிக்கொண்டு தந்தம் போல வளைகிறது. மேல்பல் உள்பக்கமாகச் சுருண்டு போகிறது. மூன்று வாரத்துக்கு ஒருமுறை நகவெட்டியால் வெட்டிவிடுகிறார்.

"அதோட குட்டியில ரெண்டுக்கு இப்பவே அதே மாதிரி பல்லு சார். நல்ல எடை வர்ற முயலு, விட மனசு வரல."

முதலில் நகவெட்டி. முயலின் பல்லை நகவெட்டி, குறடு, கட்டிங் பிளேயர் எதனாலும் வெட்டக் கூடாது. பல் நீளவாக்கில் பிளக்கும். பிளவு வேர் வரை போனால் சீழ் பிடிக்கும். முயலின் சீழ் பாலாடைக்கட்டி போலக் கெட்டியானது. மற்ற கால்நடைக்குப் போலக் கீறி வடியவிட முடியாது. அறுவை செய்துதான் எடுக்க வேண்டிவரும். கால்நடை மருத்துவர்கள் சுழலும் சிறு அரம் கொண்டு பல்லைத் தேய்த்துக் குறைப்பார்கள். அடிக்கடி வளர்ந்தால் வெட்டுப்பற்களை முழுவதும் எடுத்துவிடுவதும் உண்டு. வெட்டுப்பல் இல்லாத முயல், நறுக்கிப் போட்ட புல்லை உதட்டாலேயே எடுத்துத் தின்று நன்றாக வாழும்.

அடுத்தது இனவிருத்தி. சரியான வாயில் மேல் வெட்டுப்பல், கீழ்ப் பல்லுக்குச் சற்று முன்னால் இருக்கும். கீழ்ப் பல்லின் நுனி, மேலே ஒளிந்திருக்கும் ஆணிப்பல்லில் போய்ப் பொருந்தும். கம்பியைக் கடித்தோ கீழே விழுந்தோ பல் உடைந்து கோணியிருந்தால், அது அந்த முயலோடு போயிற்று. மருத்துவர் கண்காணிப்பில் சில வாரத்தில் நேராகவும் வளரலாம். ஆனால் குட்டிகளுக்கும் அதே கோணல் வந்தால் அது பரம்பரைக் குறை. இரண்டு பெற்றோரிடமிருந்தும் வந்தால்தான் இந்தக் குறை குட்டியில் வெளியே தெரியும். அதாவது அந்த இரண்டு குட்டிகளையும் ஈன்ற பெட்டையின் பல் நேராக இருந்தாலும், குறை அதனிடமும் ஒளிந்திருக்கிறது. ஆண் முயலை மட்டும் நிறுத்தினால் போதாது. அந்தப் பெட்டையையும் இனவிருத்தியிலிருந்து விலக்க வேண்டும். அந்த ஈற்றில் நேரான பல்லோடு பிறந்த குட்டிகளையும் தாய் முயலாக யாருக்கும் விற்கக் கூடாது. இறைச்சிக்கு அனுப்புவதில் தவறில்லை. மருந்து ஏதும் கொடுத்திருந்தால் மட்டும், எத்தனை நாள் கழித்து அனுப்பலாம் என்று மருத்துவரைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. "எடையப் பாத்து வாங்கினேன், வாயப் பாத்து வாங்கல" என்றார். முயல் வாங்கப் போகும் எல்லோரும் நினைவில் வைக்க வேண்டிய வார்த்தை. உதட்டைத் தூக்கிப் பல்லைப் பாருங்கள். முடிந்தால் தாய் தகப்பன் பல்லையும் பாருங்கள். மூக்கு சப்பையான குட்டை இன முயல்களையும் காது தொங்கும் இனங்களையும் அழகுக்காக வாங்குபவர்கள் கூடுதலாகப் பார்க்க வேண்டும். குறுகிய தாடையில் பற்கள் சரியாகப் பொருந்துவது சிரமம்.

போனில் வந்த செய்தி

மதியச் சாப்பாட்டு நேரத்தில் அந்த அம்மாவுக்குப் போன் வந்தது. மருத்துவர், காது பார்க்கும் கருவியை முயலின் வாயில் விட்டுப் பார்த்திருக்கிறார். இடப்பக்கக் கீழ்க் கடைவாய்ப்பல்லின் முள் நாக்கில் புண் போட்டிருந்தது. வலிக்கு ஊசி போட்டு, தோலுக்கடியில் திரவம் ஏற்றி, ஊறவைத்துக் கூழாக்கிய தீவனத்தை ஊசியில்லாத சிரிஞ்சில் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டச் சொல்லியிருக்கிறார். மறுநாள் மயக்க மருந்து கொடுத்துப் பல்லைத் தேய்க்கும் வசதி உள்ள பெரிய மருத்துவமனைக்கு அனுப்பினார். கடைவாய்ப்பல் வேலையை மயக்கம் கொடுக்காமல் செய்ய முடியாது.

பல்லைத் தேய்த்த மூன்றாம் நாள் அந்த முயல் தானாகப் புல்லெடுத்தது என்று பிறகு சொன்னார். முழுக்கக் குணமாகிவிட்டது என்று சொல்ல முடியாது. ஒருமுறை வரிசை தப்பிய பல் மறுபடி வளரும். சில வாரத்துக்கு ஒருமுறை மருத்துவரிடம் காட்டிக்கொண்டே இருக்க வேண்டும். ஆரம்பத்திலிருந்தே புல் தின்றிருந்தால் இந்த அலைச்சலில் பெரும்பகுதி வந்திருக்காது.

நம் ஊரில் புல்

"மன்னவனூர்ல புல்லு இருக்கு, நம்ம ஊருல எங்க சார் போறது?" என்று வண்டியில் கேட்டார்கள். இந்தக் கேள்விக்குப் பதில் சொல்வது என் வேலை.

வாய்க்கால் ஓரத்து அருகம்புல்லே முயலுக்கு நல்ல தீனி. வீட்டுப் பின்புறம் கால் சென்ட் இடத்தில் கினியா புல் வைத்தால் ஒன்றிரண்டு முயலுக்குக் கை கொடுக்கும். மானாவாரி நிலம் இருந்தால் கொழுக்கட்டைப் புல் போடலாம். அதோடு முயல்மசாலைக் கலந்து விதைக்கலாம். பெயரிலேயே முயல் இருக்கிற தீவனம் அது. பயறுவகைத் தீவனத்தைத் துணைக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், புல்தான் முதன்மை. குதிரைமசாலில் சுண்ணாம்புச் சத்து அதிகம். குட்டிகளுக்கும் பால் கொடுக்கும் தாய்க்கும் அது ஏற்றது, வளர்ந்த வீட்டு முயலுக்குத் தினமும் வேண்டாம். சூபாபுல் தழையை அளவுக்கு மேல் போட்டால் முடி கொட்டும்.

புல் கிடைக்கும் காலத்தில் உலர்த்தி வைத்துக்கொள்ளுங்கள். பூ எடுக்கும் தருணத்தில் அறுத்து, மெல்லிய அடுக்காகப் பரப்பி, இரண்டு மூன்று நாள் புரட்டிப் புரட்டிக் காயவிட்டு, பச்சை நிறம் போகாமல் கட்டி வையுங்கள். பூசணம் பிடித்த புல்லைத் தூக்கி எறிந்துவிடுங்கள். முயலின் உடம்பு அளவுக்கு ஒரு கட்டுப் புல் தினமும் அதன் முன்னால் இருக்க வேண்டும். வளர்ந்த வீட்டு முயலுக்குக் குச்சித் தீவனம், ஒரு கிலோ உடல் எடைக்கு நாளொன்றுக்கு 25 கிராம் போதும். இதுவரை சோறும் பிஸ்கட்டும் தின்று பழகிய முயலை ஒரே நாளில் மாற்றாதீர்கள். இரண்டு மூன்று வாரத்தில் படிப்படியாக மாற்றுங்கள். காலை வெயில் சிறிது நேரம் படட்டும். எலும்புக்கும் பல்லுக்கும் அது வேண்டும்.

வாரம் ஒருமுறை

ஞாயிற்றுக்கிழமை ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள். உதட்டை விலக்கி வெட்டுப்பல் பொருந்துகிறதா என்று பாருங்கள். தாடைக்குக் கீழே ஈரம் இருக்கிறதா, அடித்தாடை எலும்பில் மேடு தட்டுகிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். கண்ணில் நீர் வழிகிறதா என்று கவனியுங்கள். காய்கறி எடை போடும் தராசிலேயே முயலை நிறுத்து எழுதி வையுங்கள். எடை குறைவதுதான் முதலில் தெரியும் அடையாளம். புழுக்கை சிறுத்துப்போவதும், பின்புறத்தில் மென்புழுக்கை ஒட்டிக் கிடப்பதும் கவனிக்க வேண்டியவை. வாய் வலிக்கும் முயலால் உடம்பை நக்கிச் சுத்தம் செய்ய முடியாது.

ஆட்டுக்கோ கோழிக்கோ வாங்கி வைத்த மருந்தை முயலுக்கு ஊற்றாதீர்கள். பென்சிலின், அமாக்சிசிலின் வகை மருந்துகளை வாய்வழியாகக் கொடுத்தால் குடலில் உள்ள நல்ல நுண்ணுயிர்கள் அழிந்து, கழிச்சல் கண்டு முயல் இறந்துபோகும். பல்லைத் தேய்க்கும் வசதி எல்லாக் கால்நடை மருந்தகத்திலும் இருக்காது. கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை உங்களுக்குப் பக்கத்தில் எங்கே இருக்கிறது என்று முன்னதாகவே விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள்.

அன்று திரும்பி வரும்போது பொழுது சாய்ந்துவிட்டது. பூம்பாறைக்கு முந்தின வளைவில் காட்டு முயல் ஒன்று வண்டி வெளிச்சத்தில் ஒரு நொடி நின்று, சரிவில் இறங்கி மறைந்தது. அதன் பல்லும் வாழ்நாள் முழுக்க வளர்வதுதான். அதற்கு வேண்டிய புல்லைச் சரிவு கொடுக்கிறது. அதைப் பிடிக்க நினைப்பது வன உயிரினச் சட்டப்படி குற்றம், யாரும் ஆசைப்பட வேண்டாம். கூண்டில் இருக்கும் முயலுக்கு அந்தச் சரிவைக் கொண்டுவர நம்மால் முடியாது. அதன் முன்னால் தினமும் ஒரு கட்டுப் புல் வைக்க முடியும்.